ஊமைக்காயம்: கோவில்பட்டி கிளைச் சிறை மரணங்களும் உடற்கூறாய்வு அறிக்கை நடந்த வழியும் (ஜூன் 2020) – நிகழ்வு ஆய்வு

2020 ஜூன் 22 இரவு சுமார் 9 மணிக்கு 31 வயது மகன். மறுநாள் விடியற்காலை, ஆறு மணிக்குச் சற்று முன்பு, அவருடைய தந்தை. தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இருவரும் இறந்தபோது நீதிமன்றக் காவலில் இருந்தார்கள். பதிவேட்டின்படி இவை சிறை மரணங்கள். காவல் நிலைய மரணங்கள் அல்ல. இந்த ஒரு வேறுபாட்டைச் சுற்றித்தான் பின்னால் வந்த குழப்பமும் அதை அவிழ்த்த ஆவணங்களும் நிற்கின்றன.

சாத்தான்குளம் வழக்கு என்று அறியப்பட்ட இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. இங்கே எடுத்துக்கொள்வது ஒரு பகுதியை மட்டும்: உடலில் இருந்த காயம் எந்தெந்தத் தாளில் எப்போது ஏறியது, அந்தத் தாள் யார் கையில் இருந்தது, உடற்கூறாய்வு அறிக்கை எப்படிப் பேசவைக்கப்பட்டது என்பது. தனி மனிதர் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி: சட்டம் எதிர்பார்த்த தாள்கள்

கைதான ஒருவர் சிறைக்குள் போவதற்குள் அவருடைய உடலைப் பற்றிக் குறைந்தது மூன்று பதிவுகள் உருவாகியிருக்க வேண்டும்.

முதலாவது, கைது நேரத்துச் சோதனைக் குறிப்பு. 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் சொன்னது: கைதானவர் கேட்டால் உடலில் உள்ள பெரிய, சிறிய காயங்கள் அனைத்தும் அப்போதே குறிக்கப்பட வேண்டும், அவரும் காவல் அலுவலரும் கையெழுத்திட வேண்டும், ஒரு நகல் கைதானவருக்குத் தரப்பட வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்பதும் அதே தீர்ப்புதான்.

இரண்டாவது, கைதுக்குப் பிந்தைய மருத்துவப் பரிசோதனைப் பதிவு. அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியிருந்தது. காயம் இருந்தால் எழுதினால் மட்டும் போதாது. அது ஏறக்குறைய எந்த நேரத்தில் ஏற்பட்டிருக்கும் என்பதையும் மருத்துவர் எழுத வேண்டும். நகல் கைதானவருக்கோ அவர் சுட்டுகிறவருக்கோ போக வேண்டும். நடைமுறையில் இது ‘ஃபிட்னஸ்’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிட்டது. காவலர் வாங்க வருவது ‘சிறைக்கு அனுப்பத் தகுதியானவர்’ என்ற ஒரு வரி. சட்டம் கேட்பது ஒரு காயப் பட்டியல். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பல அரசு மருத்துவமனைகளின் வெளிநோயாளர் பிரிவில் இன்றும் யாரும் சொல்லித்தருவதில்லை.

மூன்றாவது, சிறை அனுமதிப் பதிவேடு. வாசலில் ஆளை ஏற்றுக்கொள்ளும் சிறை அலுவலர், அவர் உடலில் இருக்கும் காயங்களை எழுதிக்கொள்வார். இதில் அக்கறையை விடத் தற்காப்பே அதிகம் என்று வைத்துக்கொண்டாலும் பலன் நல்லதுதான். எழுதாமல் உள்ளே எடுத்தால், பிறகு அந்தக் காயத்துக்குச் சிறை பதில் சொல்ல வேண்டிவரும்.

மரணத்துக்குப் பிறகான விதிகள் வேறு. காவலில் மரணம் நிகழ்ந்தால் நீதித்துறை நடுவர் விசாரணை நடத்த வேண்டும் என்ற அதே சட்டத்தின் 176(1ஏ) பிரிவு 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டு, 2006 ஜூன் 23 முதல் நடைமுறைக்கு வந்தது. தந்தை இறந்த நாளில் அதற்குச் சரியாகப் பதினான்கு வயது. உடலை 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தோடு வந்ததே. தேசிய மனித உரிமை ஆணையம் 1993 டிசம்பரிலேயே காவல் மரணங்களை 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்கச் சொன்னது. 1995 ஆகஸ்டில் உடற்கூறாய்வைக் காணொளியாகப் பதிவு செய்யக் கோரியது. 1997 மார்ச்சில் மாதிரி உடற்கூறாய்வுப் படிவத்தை எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது.

ஆக, 2020 ஜூனில் விதிகளுக்குப் பஞ்சமில்லை.

ஜூன் 19 – 20: காவல் நிலையத்திலிருந்து சிறைவாசல் வரை

ஜூன் 19 மாலை, ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கைபேசிக் கடையைத் திறந்துவைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளம் காவலர்கள் தந்தையை அழைத்துச் சென்றார்கள். கடை மகனுடையது. என்ன ஆயிற்று என்று கேட்கப் போன மகனும் நிலையத்துக்குள் போனார்.

அன்றிரவு பதிவான முதல் தகவல் அறிக்கையில் ஒரு சொல் இருக்கிறது. இருவரும் தரையில் உட்கார்ந்து உருண்டு புரண்டதில் ‘ஊமைக்காயம்’ ஏற்பட்டதாம். வெளியே தெரியாமல் உள்ளே அடிபட்டிருப்பதைத் தென்மாவட்டத்தில் அப்படிச் சொல்வார்கள். காவலரின் வாசகத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருந்தது: நாளை மருத்துவர் எதையாவது கண்டுபிடித்தால், அதற்கு இன்றே ஒரு காரணம் எழுதிவைத்தாயிற்று. பக்கத்துக் கடையின் கண்காணிப்புக் கேமரா பிற்பாடு இந்தக் கதையோடு ஒத்துப்போகவில்லை. அதில் பதிவான காட்சியில் கூட்டமும் இல்லை, உருளலும் இல்லை.

ஆய்வு செய்கிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. முதல் தகவல் அறிக்கையிலேயே காயத்துக்கு விளக்கம் இருந்தால், உடற்கூறாய்வு செய்யும் மருத்துவரிடம் அந்த விளக்கம் கேள்வியாகவே போக வேண்டும்: ‘தரையில் உருண்டால் இந்தக் காயம் வருமா?’ தரையில் உருண்டவருக்கு முழங்கை, முழங்கால், தோள், புட்டத்தின் வெளிப்பக்கம் என எலும்பு துருத்தும் இடங்களில் சிராய்ப்பு வரும். தடியடி சதைப்பற்றுள்ள இடங்களில் இணைகோட்டுக் கன்றலாக விழும்; இரண்டு சிவந்த கோடுகளுக்கு நடுவே வெளிறிய பட்டை இருக்கும். ஒரே இடத்தில் பலமுறை அடித்தால் அந்தக் கோடுகள் கலந்து கன்றிய ஒரே பரப்பாகிவிடும். இந்த வேறுபாடு உடற்கூறாய்வு மேசையில் அறுக்கும் மருத்துவருக்குத் தெரியும். அதை எழுதச் சொல்லிக் கேள்வி வந்தால்தான் அது அறிக்கையில் ஏறும்.

ஜூன் 20 காலை இருவரும் சாத்தான்குளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ரத்தத்தில் நனைந்த சாரங்களை (லுங்கிகளை) ஒன்றன்பின் ஒன்றாக மாற்றவேண்டியிருந்தது என்று உடனிருந்தவர்கள் பின்னர் சொன்னார்கள். அங்கே சிறைக்கு அனுப்பத் தகுதி என்ற சான்று கிடைத்தது. அடுத்து நீதித்துறை நடுவரிடம் ரிமாண்ட், அதாவது நீதிமன்றக் காவலுக்கு அனுப்பும் உத்தரவு. நடுவர் அவர்களை அருகில் வைத்துப் பார்க்கவில்லை என்பது குடும்பத் தரப்பின் குற்றச்சாட்டு. பிறகு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம், கோவில்பட்டி கிளைச் சிறைக்கு.

சிறைவாசலில் பதிவேட்டில் காயம் எழுதப்பட்டது. புட்டப் பகுதிக் காயங்கள் அதில் இடம்பெற்றன. இந்த நிகழ்வில் உருவான எல்லாத் தாள்களிலும் மிகச் சிறியது இதுதான். ஆனால் ‘காயம் சிறைக்குள் வந்ததா, சிறைக்கு முன்பே இருந்ததா’ என்ற கேள்விக்கு உயிரோடிருந்தபோதே எழுதப்பட்ட பதில் இதில் இருந்தது.

சிறையில் இரண்டு நாள்

இந்தப் பகுதியைப் பற்றிப் பொதுவெளியில் குறைவாகவே பேசப்பட்டது. பெரும்பாலான கிளைச் சிறைகளில் முழுநேர மருத்துவர் கிடையாது. அனுமதியின்போது காயம் எழுதப்பட்டவரை அடுத்த 48 மணி நேரத்தில் யார், எத்தனை முறை பார்த்தார், சிறுநீர் போனதா, என்ன நிறம், இரத்த அழுத்தம் எவ்வளவு என்பவை எழுதப்படும் இடம் பல சிறைகளில் இல்லவே இல்லை.

இது ஏன் முக்கியம்? தடியடியில் உடனே உயிர் போவது அரிது. புட்டம், தொடை போன்ற பெரிய தசைகள் பரவலாக நசுங்கினால் இரண்டு வழிகளில் ஆபத்து வரும். ஒன்று, தோலுக்கும் தசைக்கும் இடையில் கசியும் இரத்தம். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உடலுக்குள்ளேயே பெருமளவு இழப்பு ஏற்படும். மற்றொன்று, சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைப்பது. அப்போது சிறுநீர் தேநீர் நிறத்துக்கு மாறும், பிறகு குறையும், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் தடுமாறும். மூச்சுத்திணறல் இதன் கடைசிக் கட்டத்தில் வரக்கூடிய அறிகுறி. நேரத்தில் குளுக்கோஸ், சலைன் ஏற்றி, தேவையானால் டயாலிசிஸ் செய்தால் பிழைக்க வைக்க முடிகிற நிலை இது. கிளைச் சிறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த நேரம் யாருக்கும் தெரியாமலே கடந்துவிடும்.

ஜூன் 22 மாலை மகன் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு இரவு இறந்தார். அதே இரவு தந்தையும் சேர்க்கப்பட்டார். விடிவதற்குள் அவரும் போய்விட்டார்.

மேசைக்கு முன்பே வந்த காரணம்

உடற்கூறாய்வு அறிக்கை எவர் கையிலும் இல்லாத ஜூன் 24 அன்று அரசின் அறிக்கை வந்துவிட்டது. மகனுக்கு மூச்சுத்திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு, சிகிச்சை பலனின்றி இறந்தார்கள் என்ற வகையில் அது அமைந்தது. கோவில்பட்டி கிழக்குக் காவல் நிலையத்தில் பதிவான இரண்டு வழக்குகளும் 176(1ஏ) பிரிவின் கீழான காவல் மரண வழக்குகள்தான். கொலை வழக்குகள் அல்ல.

மூச்சுத்திணறல் என்பது பொய் என்று சொல்லத் தேவையில்லை. சாகப்போகிறவர் எவருக்கும் மூச்சு திணறும். தடய மருத்துவத்தில் அறிகுறி, இறப்பின் விதம், இறப்பின் காரணம் மூன்றும் தனித்தனி. மருத்துவமனை நோயாளிக் குறிப்பேட்டில் ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதியது அறிகுறி. அதை எடுத்துக் காரணத்தின் இடத்தில் வைத்ததுதான் தவறு. சிறை மரணச் செய்திக்குறிப்புகளில் இந்த இடமாற்றம் அடிக்கடி நடக்கிறது: ‘நெஞ்சுவலி’, ‘வலிப்பு’, ‘திடீர் மயக்கம்’. உடற்கூறாய்வு முடியும்வரை இறந்த நேரமும் இடமும் தவிர வேறெதையும் அலுவல் அறிக்கையில் சொல்லக்கூடாது என்று ஒரு வரி விதி இருந்தால் போதும்.

குடும்பம் உடல்களை வாங்க மறுத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது போராட்டமாகத் தெரியும். உண்மையில் அந்தக் கட்டத்தில் அவர்கள் கையில் இருந்த ஒரே சாட்சியம் உடல். எரித்தாலோ புதைத்தாலோ மறு ஆய்வுக்கு வழி சுருங்கும். வேறு எந்தத் தாளும் அவர்களிடம் இல்லாதபோது உடலைப் பிடித்துவைத்தது சரியான முடிவு. ஜூன் 25 அன்றுதான் பெற்றுக்கொண்டார்கள்.

ஜூன் 24: பாளையங்கோட்டையில்

உடல்கள் கோவில்பட்டியிலேயே அறுக்கப்படவில்லை. பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தன. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பிரேத விசாரணை நடத்தினார். மூன்று மருத்துவர் கொண்ட குழு ஆய்வு செய்தது, காணொளியும் பதிவானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமாக முன்வந்து வழக்கை எடுத்திருந்தது.

மருத்துவக் கல்லூரி, மூவர் குழு, காணொளி என்ற மூன்று முடிவுகளும் ஒவ்வொரு காரணத்துக்காகச் சரி. வட்ட மருத்துவமனையில் உடற்கூறாய்வு செய்பவர் பெரும்பாலும் பொதுப்பணி மருத்துவர்; நாளைக்கு அதே காவல் நிலையத்தோடு விபத்து வழக்குகளில் வேலை பார்க்க வேண்டியவர். மருத்துவக் கல்லூரியில் தடய மருத்துவத் துறை தனியாக இருக்கிறது. ஒருவர் கையெழுத்தை அழுத்த முடியும். மூவர் கையெழுத்தை அழுத்துவது கடினம். காணொளி இருந்தால், எழுதப்படாமல் விடப்பட்டதையும் பிறகு வேறொரு நிபுணர் பார்க்கலாம்.

ஆனால் ‘காணொளி எடுத்தோம்’ என்பது மட்டும் ஒன்றுமில்லை. தவறு நடக்கும் இடங்கள் பழகியவை. உடை களைந்த பிறகு கேமரா தொடங்கும். உடையில் இருந்த இரத்தக்கறை பதிவாகாது. உடலின் முன்பக்கம் மட்டும் படமாகும், திருப்பிப் போடமாட்டார்கள். புட்டத்தில் அடிபட்டு இறந்தவரைத் திருப்பாமல் எடுத்த காணொளியால் யாருக்கு என்ன பயன்? மருத்துவர் பேசுவது பதிவாகாது. அளவுகோல் இல்லாத நெருக்கப் படங்கள் இருக்கும். காயம் இரண்டு சென்டிமீட்டரா, இருபதா என்று தெரியாது.

தேசிய மனித உரிமை ஆணையத்தின் வழிகாட்டல் இதையெல்லாம் முன்பே சொல்லியிருக்கிறது: 20 முதல் 25 வண்ணப் படங்கள், முகம் முன்னாலும் இரு பக்கமும், தலையின் பின்புறம், உடலின் முன்னும் பின்னும், கைகால்களின் இருபுறமும், ஒவ்வொரு படத்திலும் உடற்கூறாய்வு எண், தேதி, அளவுகோல், கேமரா காயத்துக்குச் செங்குத்தாக, காயங்களுக்கு எண் இட்டபின் ஒவ்வொன்றும் நெருக்கத்தில். உள்ளங்கையையும் உள்ளங்காலையும் கீறிப் பார்த்துப் படமெடுக்கச் சொல்வதுதான் அதில் மிக நுட்பமான வரி. பாதத்தில் விழுந்த அடியைத் தடித்த தோல் மறைத்துவிடும்.

இங்கேதான் ஊமைக்காயம் வாய் திறக்கிறது. கருத்த தோலில் கன்றல் மேலே தெரியாமல் போகலாம். அதனால் முதுகு, புட்டம், தொடையின் பின்புறம், கெண்டைக்கால் ஆகியவற்றில் நீளவாட்டில் கீறி, தோலையும் கொழுப்பையும் மடல்போல் விலக்கித் தசையைப் பார்க்க வேண்டும். ஐ.நா.வின் மினசோட்டா நெறிமுறையும் சித்திரவதை ஐயமுள்ள உடல்களில் இதைக் கேட்கிறது. தசையில் தேங்கிய இரத்தத்தின் பரப்பும் ஆழமும் அளக்கப்பட வேண்டும். கீறியபின் கழுவினால் போகாமல் திசுவுக்குள் ஊறியிருந்தால் அது உயிரோடிருந்தபோது பட்ட காயம். கழுவியதும் போனால் இறந்தபின் கீழே தேங்கிய இரத்தம். ‘முதுகிலும் புட்டத்திலும் இறப்புக்குப் பின் தேங்கிய இரத்த நிறமாற்றம்’ என்று ஒரே வரியில் எழுதிக் கன்றலை மறைத்த அறிக்கைகள் உண்டு. மடல் அறுவை செய்தால் அந்த வரி நிற்காது.

அடுத்து, காயத்தின் வயது. சிறை மரணத்தில் எல்லாம் இதில்தான் தங்கியிருக்கிறது, ஏனெனில் இறந்த இடம் வேறு, அடிபட்ட இடம் வேறாக இருக்கலாம். இந்த நிகழ்வில் ஜூன் 19 இரவுக்கும் ஜூன் 22 இரவுக்கும் நடுவே மூன்று நாள். கன்றலின் நிறத்தை வைத்து மட்டும் நாள் சொல்லக்கூடாது. மஞ்சள் நிறம் தெரிந்தால் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும் என்பது தவிர நிறம் உறுதியாக எதையும் சொல்லாது. காயத்தின் ஓரத்திலிருந்து நல்ல திசுவும் சேர்த்து ஒரு துண்டு எடுத்து, ஃபார்மலினில் போட்டு, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சில மணி நேரக் காயத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள், ஓரிரு நாளில் சிதைவை உண்ணும் மேக்ரோஃபேஜ் அணுக்கள், சுமார் மூன்றாம் நாளையொட்டி, கசிந்த இரத்தம் சிதைந்து உண்டாகி இரும்புச் சாயத்தில் நீலமாகத் தெரியும் ஹீமோசிடரின். சிறுநீரகத்தின் ஒரு துண்டும் தேவை, மயோகுளோபின் அடைப்பைப் பார்க்க. இந்தத் துண்டுகளை எடுக்காமல் விசராவை (உள்ளுறுப்பு மாதிரிகளை) உப்புக் கரைசலில் போட்டு நச்சுப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டால், ‘நஞ்சு இல்லை’ என்ற பதில் ஒன்றே மிஞ்சும்.

சீலிட்ட உறை

அறிக்கை உயர் நீதிமன்றத்துக்குச் சீலிட்ட உறையில் போனது. நீதிமன்றம் ஜூன் 30 அன்று அதைப் படித்துவிட்டுச் சொன்ன முடிவுதான் பொதுவெளிக்கு முதலில் வந்தது: இறப்புக்கு முந்தைய காயங்களையும் நடுவரின் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்தால், கொலைக்கான இந்தியத் தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவுக்கு வழக்கை மாற்ற முகாந்திரம் இருக்கிறது.

உறைக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்க வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்படக்கூடியவர்கள் அப்போதும் அதே நிலையத்தில் பணியில் இருந்தார்கள். காயப் பட்டியல் முன்பே கசிந்தால், அதற்கேற்ப வாக்குமூலம் தயாரிக்கலாம். ஆக, சில நாள் உறை சரி. ஆனால் உறைக்கு ஒரு காலாவதி நாள் வேண்டும். அதைவிட, குடும்பத்துக்கு உறையே கூடாது. இறந்தவரின் உடலை உரிமையோடு பார்த்தவர்களிடம் அந்த உடலில் என்ன இருந்தது என்ற தாளை மறைப்பதில் புலன்விசாரணை நலன் எதுவும் இல்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கல்: அறிக்கை என்று எல்லோரும் சொல்வது இரண்டு வேறு தாள்களை. மேசையில் கண்ட காயங்களின் பட்டியல் ஒன்று. விசரா, நுண்ணோக்கி முடிவுகள் வந்தபின் எழுதப்படும் இறுதிக் கருத்து இன்னொன்று. இரண்டாவது வரும்வரை ‘கருத்து ஒத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி, முதலாவதையும் சேர்த்து நிறுத்திவைப்பது வழக்கமாகிவிட்டது. வாரங்கள் போகும். குடும்பத்துக்கு உடனே தேவைப்படுவது முதலாவதுதான். இங்கே இடைக்கால அறிக்கை ஆறே நாளில் நீதிபதிகள் கைக்குப் போனதால்தான் வழக்கின் பிரிவு மாறியது.

ஜூன் 28 – ஜூலை 1: உடல் சொன்னதற்குத் துணைத்தாள்

உயர் நீதிமன்றம் எடுத்த முடிவுகளில் கூர்மையானது இது: பிரேத விசாரணை நடத்திய அதே கோவில்பட்டி நடுவரையே சாத்தான்குளம் நிலையத்துக்கு அனுப்பியது. உடலைப் பார்த்தவர், அடி விழுந்த அறையையும் பார்த்தார்.

ஜூன் 28 அன்று அவர் போனபோது ஒத்துழைப்பு இல்லை; அவமதிப்பு இருந்தது. கண்காணிப்புக் கேமராவின் வன்தட்டு ஒரு டெராபைட் கொள்ளளவு. ஆனால் பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். ஜூன் 19 இரவு கிடைக்கவில்லை. பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவு முழுதும் அடித்ததையும் லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்ததையும் சொன்னார்; கறை அழிக்கப்படலாம் என்று எச்சரித்தார். மறுநாளே நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர நீதிமன்றம் மாவட்ட ஆட்சியருக்கு உத்தரவிட்டது. காவல் நிலையத்தில் வருவாய் அலுவலர்களைக் காவலுக்கு உட்காரவைத்தது அசாதாரணம்தான். அன்று அது நடக்காவிட்டால், லத்தியில் இருந்த கறை உடலின் காயத்தோடு என்றும் சேர்ந்திருக்காது.

ஜூன் 30 உத்தரவோடு குற்றப்பிரிவு சி.ஐ.டி. விசாரணையை எடுத்தது, ஜூலை 1 முதல் கைதுகள். ஜூலை 7 அன்று சி.பி.ஐ. பொறுப்பேற்றது.

பின்னர் நடந்தவை

2020 செப்டம்பர் 26 அன்று ஒன்பது காவலர்கள் மீது சி.பி.ஐ. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பத்தாவது நபர் அதற்குள் கொரோனாவில் இறந்திருந்தார். நிலையத்தில் எடுத்த இரத்தக்கறைகளின் டி.என்.ஏ. இறந்தவர்களோடு பொருந்தியது என்பது தடய அறிவியல் முடிவு. உடற்கூறாய்வில் கண்ட காயம், சிறைவாசல் பதிவு, நேரில் கண்ட சாட்சி, கறை ஆகிய நான்கும் ஒரே இரவைச் சுட்டின. வழக்கு மதுரையில் அமர்வு நீதிமன்றத்துக்குப் போனது.

அறிக்கையிடலில் நிரந்தரமான மாற்றம் வேறொரு வழக்கின் வழியே வந்தது. மதுரை மாவட்டத்தில் காவலர் விசாரணைக்குப் பின் தூக்கில் தொங்கிய நிலையில் ஓர் இளைஞர் கண்டெடுக்கப்பட்ட வழக்கில், 2020 டிசம்பர் 2 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் பிறப்பித்த உத்தரவு அது. குடும்பத்தார் உடலின் முன்னையும் பின்னையும் பார்க்கவும், படமும் காணொளியும் எடுக்கவும் நடுவர் வழிசெய்ய வேண்டும். அவர்கள் பார்க்காமல் உடற்கூறாய்வு கூடாது. தக்க காரணமின்றி மறுத்தால் நடுவர் எழுத்துமூலம் அனுமதி தரலாம். சித்திரவதை ஐயத்தைக் குடும்பம் எழுதிக்கொடுத்தால், தடய மருத்துவ முதுநிலைப் பட்டம் பெற்ற, மருத்துவக் கல்லூரியில் பணியாற்றும் இரண்டு மருத்துவர்கள் ஆய்வு செய்ய வேண்டும். உடல் முழுவதும் எக்ஸ்ரே. தொடக்கம் முதல் முடிவுவரை காணொளி. அறிக்கை விரைந்து தயாராகி, விசாரணை அதிகாரிக்குப் போவதுபோலவே குடும்பத்துக்கும் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தை அணுகப்போவதாக அவர்கள் எழுதிக்கொடுத்தால் உடல் குறைந்தது 48 மணி நேரம் பிணவறையில் காக்கப்பட வேண்டும்.

அதே டிசம்பர் 2 அன்றுதான் உச்ச நீதிமன்றம் காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் கண்காணிப்புக் கேமரா வைத்து, பதிவுகளை 18 மாதம் காக்கச் சொன்னது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல். அன்றாடம் அழிந்த அந்த வன்தட்டை நினைத்துக்கொண்டு படித்தால் தற்செயலாகத் தோன்றாது.

இப்படி ஒரு மரணம் மீண்டும் வந்தால்

முதல் மணி நேரத்தில் குடும்பத்தின் வழக்கறிஞர் கேட்க வேண்டியது உடற்கூறாய்வு அறிக்கையை அல்ல. அது இன்னும் பிறக்கவேயில்லை. கேட்க வேண்டியவை, ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட தாள்கள்: கைதுக்குறிப்பு, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், ரிமாண்ட் உத்தரவு, சிறை அனுமதிப் பதிவேட்டின் பக்கம், கடைசி மருத்துவமனையின் நோயாளிக் குறிப்பேடு. இவற்றின் மூலப் பிரதிகளை அன்றே கைப்பற்றும்படி நடுவரிடம் மனு கொடுக்க வேண்டும். நகல் பிறகு வரட்டும்; மூலம் அலுவலகத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

கடைசி மருத்துவமனையில் எடுத்த இரத்த மாதிரி இருந்தால் அதைக் கொட்டக்கூடாது என்று எழுதிக் கொடுக்கவும். தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. அளவு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் மூன்றையும் உயிரோடிருந்தபோது எடுத்த இரத்தத்தில் பார்த்தால்தான் பொருள் உண்டு. இறந்தபின் எல்லோருக்கும் பொட்டாசியம் ஏறும்.

மருத்துவர் குழுவிடம் நடுவர் வழியாகக் கேள்விகளை எழுத்தில் வைக்கவும். ‘மரணக் காரணம் என்ன’ என்று மட்டும் கேட்டால் அதற்கு மட்டும் பதில் வரும். காயங்கள் எந்த வகைப் பொருளால், எத்தனை மணி நேரம் முன்பு, காவலர் சொல்லும் விளக்கத்தோடு பொருந்துமா, மடல் அறுவை எங்கெங்கே செய்யப்பட்டது, உள்ளங்கால் கீறப்பட்டதா, நுண்ணோக்கிக்கு எத்தனை துண்டுகள் எடுக்கப்பட்டன என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

சிறை நிர்வாகம் செய்யக்கூடியது எளிது. அனுமதிப் பதிவேட்டில் ‘காயம் உண்டு’ என்ற வரிக்குப் பக்கத்தில் உடலின் முன், பின் வரைபடம் ஒன்று அச்சிடலாம். பார்த்ததைக் குறித்துக் கையெழுத்திடலாம். காயத்தோடு வந்தவரை முதல் 72 மணி நேரம் நாளுக்கு இருமுறை பார்த்து, சிறுநீர் அளவை எழுதலாம். நடக்க முடியாமல் வந்தவரை ஏற்காமல் மருத்துவமனைக்கே திருப்பலாம்; அதற்கான துணிச்சல் கிளைச் சிறைக் கண்காணிப்பாளருக்கு மேலிடத்து எழுத்துமூல ஆதரவு இருந்தால்தான் வரும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. காவல் மரணத்துக்கான நடுவர் விசாரணை இப்போது அதன் 196ஆம் பிரிவு. மனுக்களில் பழைய எண்ணை எழுதித் திருப்பி வாங்கிய நாட்கள், உடலுக்கு இழப்பான நாட்கள்.

டிசம்பர் உத்தரவில் ஓர் ஓட்டை மிச்சமிருக்கிறது. 48 மணி நேரக் காப்பு அறிக்கை கிடைத்ததிலிருந்து தொடங்குகிறது. அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்தால், அதற்குள் குடும்பத்தை உடலை வாங்கச்சொல்லி வற்புறுத்தி, தகனமும் முடிந்திருக்கும். எனவே உடலை ஒப்படைக்கும் ரசீதில் கையெழுத்து வாங்குவதற்கு முன், ஆய்வு செய்த மருத்துவர்கள் அனைவரின் கையெழுத்தோடு காயப் பட்டியலின் நகல் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். பிணவறை எழுத்தர் முன்னிலையில், அதே மேசையில், அதே நாளில்.